ஆடிக்கு வந்த கட்டில்

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஒரு துணிப்பை, தலை நிறையப் பூ, கூட்டிவரப் போன அண்ணனோ தம்பியோ, அவ்வளவுதான் வரும். என் அத்தை மட்டும் கட்டிலோடு வந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் வரும் பஸ்ஸின் கூரையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, நான்கு கால்களையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு அந்தக் கட்டில் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணச் சீராக, காலில் பூமாலை சுற்றிக்கொண்டு இதே கடைவீதி வழியாகப் போன கட்டில்தான். அன்று வாயைப் பிளந்து பார்த்த அதே ஆட்கள் இன்றும் டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

"என்னங்க, பொண்ணு வர்ற மாசத்துல கட்டிலும் வருது?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

அப்பா காது கேளாதவர்போலக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அத்தை யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டை நோக்கி நடந்துவிட்டாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கட்டில் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அது சத்தம் போட்டது. அத்தையின் மாமியார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் சாய்வாராம். தலையை வைத்ததும் காதுக்குப் பக்கத்தில் கருக், கருக் என்று கேட்குமாம். கையால் தட்டினால் நிற்கும். கையை எடுத்தால் மறுபடியும் கருக், கருக். கட்டில் காலடியில் தினமும் ஒரு சிட்டிகை மரமாவு உதிர்ந்து கிடக்கும். அம்மையார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆடிக்கு அழைக்கப் போன அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

"தம்பி, பொண்ண அழைச்சிட்டுப் போங்க. கட்டிலையும் எடுத்துட்டுப் போயிடுங்க. ஆவணியில வேற கட்டிலோட வரட்டும். புழு அரிக்கிற கட்டில்ல எம்மவன் குடும்பம் நடத்த வேணாம்."

அப்பா அங்கேயே பதில் சொல்லிவிட்டார். வேறு கட்டில் கிடையாது, இந்தக் கட்டில் திரும்பி வந்தால்தான் என் தங்கச்சியும் வருவாள் என்று. சொல்லிவிட்டு இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று அத்தை பிறகு அம்மாவிடம் சொல்லி அழுதாள். ஆக, ஆவணி பிறப்பதற்குள் கட்டில் வாயை மூடவேண்டும். இல்லையென்றால் அத்தை எங்கள் வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான். எனக்கு அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சடை பின்னிவிட ஆள் கிடைத்தது. ஆனால் அத்தை சடை பின்னும்போதே அழுதாள். சடை கோணலாக வந்தது.

அப்பா இன்னொரு கட்டில் செய்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்க முடியாது. இது கட்டிலைப் பற்றிய விவகாரமே அல்ல, நிலாவைப் பற்றிய விவகாரம்.

அப்பா யூனியன் ஆபீசில் கிளார்க். நாள் பார்க்கமாட்டார், நட்சத்திரம் பார்க்கமாட்டார், பெண்ணைச் சொந்தத்துக்குள் கொடுக்கமாட்டார். சொல்லியனுப்பினால் வந்து நிற்கிற தூரத்தில் முறைமாப்பிள்ளை இருந்தும், அத்தைக்கு உடையார்பாளையம் பக்கத்தில் அந்நியத்தில் பார்த்துத்தான் கொடுத்தார். அவளுக்குக் கட்டில் செய்யக் கொல்லையில் இருந்த மாமரத்தை வெட்டலாம் என்று முடிவானபோது ஆசாரி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தேய்பிறை வரட்டுங்க. வளர்பிறையில வெட்டுனா மரத்துல பால் ஏறி நிக்கும். புழு வுழுந்துடும்" என்றார். எங்கள் பக்கத்தில் மூங்கில் வெட்டினாலும் சரி, முருங்கைக் கிளை வெட்டினாலும் சரி, யாரும் வளர்பிறையில் அரிவாளை எடுக்கமாட்டார்கள்.

"மாமரம் அண்ணாந்து பாத்துக்கிட்டா இருக்கு, நிலா எத்தன விரக்கட வளந்துருக்குன்னு?" என்றார் அப்பா. பௌர்ணமிக்கு முந்தின நாளாகப் பார்த்து மரத்தை வெட்டவைத்தார். வேறு வேலை இருந்தும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று வெட்டவைத்தார். ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. இப்போது புதுக்கட்டில் செய்தால் ஊரிடமும் ஆசாரியிடமும் நிலாவிடமும் தோற்றுப்போனதாக ஆகிவிடும். அப்பா மூன்று பேரிடமும் தோற்கத் தயாராக இல்லை.

முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அம்மாதான் வைத்தியம் பார்த்தாள். கண்ணில் பட்ட ஓட்டையில் எல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றினாள். உப்பைக் கரைத்துத் தடவினாள். அப்பா கட்டிலைத் தூக்கிக் கொல்லையில் வெயிலில் போட்டார். ஆசாரியைக் கூப்பிட்டனுப்பியதில் அவர் வந்து காலைத் தட்டிப் பார்த்து, "புழு ஆழத்துல இருக்கு. நோண்டுனா மூட்டு வுட்டுடும். நான் அப்பவே சொன்னேன்" என்றார். கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கட்டில் மண்ணெண்ணெய் வாசத்தோடு கருக், கருக் என்றது.

மூன்றாம் நாள் ரேடியோ நின்றுபோனது.

எங்கள் வீட்டு ரேடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆண்டிமடத்திலேயே அதிகமாக நோயில் விழுந்த ரேடியோ அதுதான். அத்தைக்குக் கல்யாணம் ஆகும்வரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை படுத்துவிடும். எப்போதும் ஒரே வியாதி, உள்ளே ஏதோ ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, ஜெயங்கொண்டத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆண்டிமடம் வரும் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினால் போதும். அடுத்த நாள் சைக்கிளில் வந்து நிற்பார். அத்தை கல்யாணமாகிப் போன இரண்டு மாதமும் ரேடியோ ஆச்சரியமாக ஒழுங்காகப் பாடியது. பாட்டுக் கேட்கிற ஆள் போய்விட்டதால் அதற்கு வேலை குறைவு, அதனால் உடம்பு தேறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ரேடியோ பாடலன்னு ஒங்க மாமாவுக்குச் சொல்லியனுப்புடி" என்றாள் அத்தை. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மாமா மறுநாளே வந்தார். ரேடியோவின் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எப்படி மாமா உள்ள போச்சு?"

"எலி இழுத்தாந்து போட்டுருக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒயரைப் பற்றவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டு வந்தது. பாட்டுக்குப் பின்னால் கொல்லையிலிருந்து கருக், கருக் என்றும் வந்தது. மாமா ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

அவர் கட்டிலைப் பார்த்த விதம் யாரும் பார்க்காத விதம். நீளமான திருப்புளியின் முனையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, அதன் பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு இங்கே அங்கே என்று நகர்த்தி நகர்த்திக் கேட்டார். என்னிடமும் கொடுத்தார். நான் காதில் வைத்ததும் பயந்து விட்டுவிட்டேன். உள்ளே யாரோ உட்கார்ந்து அவசரமில்லாமல் முறுக்குத் தின்பதுபோல இருந்தது.

"மூணு ஸ்டேஷன் எடுக்குது" என்றார் மாமா. "தலமாட்டுச் சட்டத்துல ரெண்டு, இந்தக் கால்ல ஒண்ணு."

அம்மா கதை முழுவதையும் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டே திருப்புளியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க அத்தையக் கேட்டுட்டு வா. அந்த வூட்டுக்குப் போவணும்னு இருக்கான்னு" என்றார்.

மாமா வந்தால் அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. உள்ளே போய்க் கேட்டேன். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "போவணும்னு சொல்லு. அவங்க நல்லவங்கன்னு சொல்லு" என்றாள்.

"போவணுமாம். அவங்க நல்லவங்களாம். வெங்காயம் நறுக்கிக்கிட்டு அழுவுது" என்று வந்து சொன்னேன்.

மாமா திருப்புளியைத் தட்டுவதை நிறுத்தினார். "சரி. அப்ப கட்டில அனுப்பி வச்சிடுவோம்" என்றார்.

எப்படி அனுப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த வழியைக் கண்டுபிடித்தவள் நான். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம், இப்போது அடித்துக்கொள்கிறேன்.

வெட்டிய மாமரத்தில் கட்டிலுக்குப் போக மிச்சமிருந்த கிளைகளைக் கொல்லையில் விறகாக அடுக்கியிருந்தோம். ஒருநாள் அதன்மேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தபோது எனக்குக் கீழேயும் கருக், கருக் என்று கேட்டது. கட்டிலின் அண்ணன் தம்பிகள்தானே இந்த விறகும். குனிந்து பார்த்தேன். கட்டையின் மேல் ஒரு சின்னக் குளவி நடந்துகொண்டிருந்தது. அரிசி அளவுதான் இருக்கும், செம்பழுப்பு நிறம். பின்னால் தலைமுடிபோல ஒரு வால், உடம்பைவிட நீளம். மீசையால் மரத்தைத் தட்டித் தட்டி நடந்தது. ஓர் இடத்தில் நின்றது. பின்பக்கத்தை மேலே தூக்கி, அந்த முடியை வளைத்து மரத்துக்குள் இறக்கத் தொடங்கியது. முடியால் மரத்தில் ஓட்டை போடும் பிராணியை நான் அதுவரை பார்த்ததில்லை. கொய்யாப்பழத்தைக் கீழே போட்டுவிட்டேன். அது அசையாமல் நின்று முழு வாலையும் உள்ளே இறக்கியது. நான் நூறுவரை மூன்று தடவை எண்ணினேன். பிறகு அது வாலை உருவிக்கொண்டு நகர்ந்தது. கருக், கருக் சத்தம் நின்றிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு நிலைப்படியில் மண்கூடு கட்டும் குளவியைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறாள். அது எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து கூட்டில் வைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும், கொட்டு வாங்கி வாங்கி அந்தப் புழு ஒருநாள் குளவியாகவே மாறிவிடும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கூடு கட்டிய குளவியைக் கலைக்கக்கூடாது என்பதும், அது வந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பதும்கூட எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, ரேடியோ எப்படி இருக்கிறது என்று பார்க்க மாமா வந்தார். ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. நான் அவரைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"மாமா, கட்டில்ல இருக்குற புழுவெல்லாம் குளவியாக்கிட்டா அது பறந்து போயிடும்ல? குளவிக்கு மரம் திங்கத் தெரியாதுல்ல?"

மாமா சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம். ஒரு கட்டையைப் பொறுக்கித் திருப்புளியை வைத்துக் கேட்டார். சத்தம் வந்த இடத்தில் கரியால் வட்டம் போட்டார். இருவரும் குந்தி உட்கார்ந்து காத்திருந்தோம். காப்பி வந்தது. நான்தான் கொண்டுவந்தேன், அத்தை போட்டுக் கொடுத்தாள். வழியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் போடாத அளவுக்குச் சர்க்கரை. காப்பி ஆறுவதற்குள் ஒரு குளவி வந்து வட்டத்துக்குள் வாலை இறக்கியது. அது போன பிறகு மாமா திருப்புளியை மறுபடி வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"ஸ்டேஷன மூடிட்டான்டி" என்றார்.

அன்று முதல் நான் குளவி பிடித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் தீப்பெட்டியும் கையுமாக விறகுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். வாலை இறக்கும்போது பிடித்தால் வால் ஒடிந்துவிடும் என்பதால் நடக்கும்போது மேலே பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். முதல் வாரம் ஐந்து பிடித்தேன். மாமா அப்பாவின் மல்வேட்டி ஒன்றை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்திலிருந்து கால்வரை சுற்றி, இரண்டு முனையிலும் கட்டினார். தீப்பெட்டியை அதற்குள் விட்டுத் திறந்தோம்.

அப்பா ஆபீசிலிருந்து வந்தார். கட்டிலைப் பார்த்தார்.

"கட்டிலுக்கு எதுக்குடா வேட்டி?"

"குளிர் காய்ச்சல் மச்சான்" என்றார் மாமா.

"அது நான் மீட்டிங்குக்குக் கட்டுற வேட்டி."

"அதான் பாத்து எடுத்தேன். கட்டிலும் ஒங்களமாதிரி எதையும் நம்பாத கட்டிலா இருக்கு."

அப்பா சிரித்துவிட்டார். மாமா மேல் அப்பாவுக்கு எப்போதும் பிரியம் உண்டு. வேட்டியைக் கழற்றச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வேட்டியை அவிழ்த்துப் பார்த்தபோது ஐந்து குளவிகளும் மடிப்புக்குள் செத்துக் கிடந்தன. உள்ளே கருக், கருக். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டை விரித்து ஐந்தையும் வரிசையாக வைத்து அழுதேன். விஷயம் என்னவென்று மூக்கை வைத்ததும் தெரிந்தது. அம்மா ஊற்றிய மண்ணெண்ணெய் இன்னும் மரத்தில் இருந்தது.

கட்டிலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். வெயிலில் காயவைத்தோம். மறுபடி குளிப்பாட்டினோம். ஆடிப்பெருக்கு வந்தது, போனது. கட்டில் அந்த மாதம் குளித்த அளவுக்கு நான் குளிக்கவில்லை. இதற்குள் இன்னொரு ஆபத்து வந்தது. அம்மா தினமும் அந்த விறகைத்தான் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். குளவி வரும் கட்டைகள் ஒவ்வொன்றாகச் சோறாகிக்கொண்டிருந்தன. நான் சத்தம் போடும் கட்டைகளாகப் பார்த்து எடுத்து மாட்டுக்கொட்டகையில், தவிட்டுப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"நல்லாக் காஞ்ச கட்டையெல்லாம் எங்கடி போவுது?" என்று அம்மா ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் திட்டினாள். அத்தை போய் ஈர விறகை ஊதி ஊதி எரித்தாள். அவளுக்குத் தெரியும். தவிடு எடுக்கப் போகிறவள் அவள்தானே.

ஆடி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மாமா கட்டிலை முகர்ந்து பார்த்து, "இப்ப மாமர வாசம்தான் வருது" என்றார். என்னிடம் மூன்று தீப்பெட்டியில் ஏழு குளவிகள் இருந்தன. மறுபடியும் வேட்டி கட்டினோம். இந்தமுறை வேட்டி வழியாகப் பார்த்தால் அவை சட்டத்தின்மேல் நடப்பது நிழலாகத் தெரிந்தது. ஒன்று நின்றது. பின்பக்கத்தைத் தூக்கியது. நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

மறுநாள் ஒரு ஸ்டேஷன் நின்றது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. காலில் இருந்தது மட்டும் பிடிவாதமாகத் தின்றுகொண்டே இருந்தது. மாமா கடையைச் சாத்திவிட்டுத் தினமும் வந்தார். "கடைக்கு ஆளு வராதாடா?" என்று அம்மா கேட்டதற்கு, "ஜெயங்கொண்டத்துல எல்லா ரேடியோவும் நல்லாருக்கு அக்கா" என்றார். ஆடி அமாவாசைக்கு மறுநாள் மத்தியானம் அவர் திருப்புளியைக் காலில் வைத்தார். கேட்டார். என்னிடம் கொடுத்தார். நானும் கேட்டேன். ஒன்றும் இல்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. நான் அடுப்படிக்கு ஓடி, "அத்தே, நின்னுடுச்சு!" என்று கத்தினேன். அத்தை என்னைத் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் தூக்கமாட்டார்கள், கால் தரையில் இழுபட்டது. அவள் சிரித்தாள். அந்த ஆடியில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்பாவும் கட்டிலில் காதை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், படுத்துக்கொண்டு, குப்புறப் படுத்துக்கொண்டு. "வெயில்ல போட்டதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். வெயிலில் போட்டவர் அவர்.

ஆவணி முதல் வாரத்தில் அத்தையின் மாமியார் மகனைக் கூட்டிக்கொண்டு தாமே வந்தார். கட்டில் பேசுகிறதா இல்லையா என்று தம் காதால் கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு என்று சொல்லிவிட்டார். கட்டிலைக் கூடத்தின் நடுவில் போட்டு அவரை உட்காரவைத்தோம். அம்மா பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தையின் வீட்டுக்காரர் வாசலில் நின்று, அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் முகம் இளைத்திருந்தது.

மாமியார் சட்டத்தோடு காதைச் சேர்த்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போனது. திடீரென்று அவர் முகம் மாறியது.

"கேக்குதே! கருக் கருக்குன்னு கேக்குதே!"

அப்பா வெளுத்துவிட்டார். அத்தை கதவுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. மாமா மட்டும் அசையாமல் நின்று கேட்டார். பிறகு மெதுவாக வந்து, அம்மையாருக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தார்.

"அம்மா, வாய்ல இருக்குற முறுக்க முழுங்கிட்டு இன்னொருதரம் கேளுங்க."

அவர் முழுங்கினார். கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கட்டில் கிரீச்சிட்டது. அது மூட்டுச் சத்தம், அதற்கு யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை.

"சரி, எப்படி நின்னுச்சு? வளர்பிறையில வெட்டுன மரம்னு சொன்னாங்களே?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். மாமா முந்திக்கொண்டார். "ஆடி அமாவாச பட்டதும் அடங்கிடுச்சுங்க. வளர்பிறையில ஏறுனது ஆடி அமாவாசைக்குத்தான் எறங்கும்னு சொல்லுவாங்கல்ல."

அப்படி யாரும் சொன்னதில்லை. மாமா அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியது. ஆனால் அம்மையார் பெரிதாகத் தலையாட்டி, "ஆமாமா, கேள்விப்பட்டுருக்கேன்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற தங்கையை ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். என் அப்பா ஓர் அமாவாசையை எதிர்த்துப் பேசாமல் விட்டது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலை கட்டில் பஸ் ஏறியது. கூரையில் ஏறி அதைக் கட்டியவர் மாமாதான். ஏறுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து அந்தக் கொண்டை ஊசியை எடுத்து என்னிடம் தந்தார்.

"ஒங்க அத்தையோடது. குடுத்துடு."

ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அத்தை வாங்கிப் பார்த்தாள். தலையைக் குனிந்து, மல்லிகைச் சரத்துக்குக் கீழே அதைச் செருகிக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டு, "ரேடியோவப் பத்திரமா வச்சிக்கடி. இனிமே அது கெடாது" என்றாள்.

கண்டக்டர் இரண்டு முறை விசில் ஊதினார். மாமா அப்போதும் மேலே முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். அது இறுகி நெடுநேரம் ஆகியிருந்தது.

ஆவணிக் கடைசியில் உடையார்பாளையத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டில் சட்டத்திலிருந்து குண்டூசித் தலை அளவு ஓட்டை போட்டுக்கொண்டு சின்னச் சின்னக் குளவிகள் புறப்பட்டதாம். வீட்டில் குளவி கூடு கட்டினாலே பிள்ளை வரும், கட்டிலிலேயே பிறந்தால் கேட்கவா வேண்டும் என்று மாமியார் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாராம். அடுத்த வைகாசியில் அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. தீப்பெட்டியில் அடைத்து அனுப்பியது நான் என்பதால் அவனை நான் ரொம்ப நாள் என் தயாரிப்பாகவே நினைத்திருந்தேன்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான், எந்தப் புழுவும் குளவியாக மாறுவதில்லை என்று தெரிந்தது. மரத்துக்குள் இருக்கும் புழுவைக் குளவி வால் ஊசியால் குத்தி மயக்குகிறது, அதன் மேல் முட்டை இடுகிறது, குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகின்றன. இதை அப்பாவுக்கு எழுதினேன். ஆக, வெயிலும் இல்லை, அமாவாசையும் இல்லை என்று முடித்திருந்தேன். "அமாவாசை இல்லை என்பதை உன் மாமனுக்கு எழுதவும்" என்று பதில் போட்டார். வெயிலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மாமாவுக்கு, அத்தை கட்டிலோடு போனதற்கு அடுத்த தையிலேயே கல்யாணம் ஆகியிருந்தது. சீராக எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே ஓர் இரும்புக் கட்டில் வாங்கிக்கொண்டார். "புழுவும் வேணாம், குளவியும் வேணாம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். மாமி நல்லவள். அவர்கள் வீட்டில் ரேடியோ எப்போதும் சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ரேடியோ அந்த ஆடிக்குப் பிறகு ஒருநாளும் கெடவில்லை. நான் பெரியவளாகும்வரை பாடியது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ரேடியோவுக்குள் என்ன இருக்கிறது என்று அத்தைக்கு ஒன்றும் தெரியாது, பேட்டரி மாற்றவே அப்பாவைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் இனிமேல் கெடாது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, என் அத்தை சொன்னால் வாக்குப் பலிக்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.